முனியப்பனுக்குக் கண் போன கதை

முனியப்பனுக்குக் கண் போய்விட்டது. அதுதான் நடந்தது. மற்றதெல்லாம் ஊர் பேசிய பேச்சு.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். உங்கள் காருக்கு நுரை அடித்துவிட்டிருக்கிறேன், ஊற வேண்டும். ஊறாமல் தண்ணீர் அடித்தால் அழுக்கு நிற்கும், பாலிஷ்தான் போகும். அவசரம் என்றால் பைபாஸில் ஒருத்தன் இருக்கிறான், அங்கே போங்கள். இல்லையா? அப்படியானால் உட்காருங்கள்.

போனில் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? தலையைச் சொறிய வேண்டாம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கழுவுகிற இடத்துக்கு எவனும் கார் கொண்டுவர மாட்டான். கொண்டுவருகிறவன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவன். வந்து, இந்த ஆள்தானா அது என்று என் முகத்தை ஒரு தரம் பார்ப்பான். நீங்களும் பார்த்தீர்கள். கவனித்தேன்.

வீடியோவில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் சென்னியப்பன். வாட்டர் சர்வீஸ் என்னுடையது. ஆள் வைத்துக்கொள்வதில்லை. நானும் வீட்டுக்காரியும்தான். அதோ, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாளே, அவள். மோட்டார் ஓடும்போது ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. அதனால் நான் கையைத் தூக்கினால் போடுவாள், இறக்கினால் நிறுத்துவாள். இந்த இடம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். பேச்சே தேவையில்லை. நிம்மதி.

இங்கே வருகிற வண்டியில் முக்கால்வாசி ரிக் வண்டி. போர் போடுகிற லாரி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துவிட்டு வரும். அந்தச் சேறு வண்டியில் பட்டுக் காய்ந்தால் சேறு இல்லை, கல். உளியால் தட்டினால் உளிக்கு முனை போகும். அதைக் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம்.

தண்ணீர் அடிக்கிற கன்னின் முனையில் மாட்டுகிற நாசில் இரண்டு தினுசு. ஒன்று தண்ணீரை விசிறி மாதிரி விரிக்கும். அகலம் கிடைக்கும், அடி கிடைக்காது. இன்னொன்று ஊசி மாதிரி ஒரே கோடாக விடும். அடி கிடைக்கும், அகலம் கிடைக்காது. ஒரு ரிக் வண்டியை ஊசி நாசிலால் கழுவுவது, வீட்டைப் பல்குச்சியால் பெருக்குகிற மாதிரி. வருஷக்கணக்கில் பெருக்கினேன்.

அப்புறம் ஒருநாள் தோன்றியது. அந்த ஊசியையே சுற்ற விட்டால்? தண்ணீர் வருகிற வேகத்திலேயே அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டால்? ஊசியின் அடியும் விசிறியின் அகலமும் ஒன்றாகக் கிடைக்கும். உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை. எனக்குத் தோன்றியது.

லேத்துப் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பித்தளையில் ஒரு கூடு. உள்ளே சாய்ந்தாற்போல ஒரு சின்னக் குழாய். அதன் நுனி சுழல ஒரு குழி. முதலில் செய்தது பறந்து போய் எதிர் டீக்கடையில் பன் இருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்தது. அடுத்தது சுற்றவே மாட்டேன் என்றது. அதற்கடுத்தது சுற்றியது, ஆனால் தண்ணீரை என் மேலேயே திருப்பி அடித்தது. வீட்டுக்காரி சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொடுத்தாள்.

கடைசியில் வந்தது. கல் மாதிரி ஒட்டியிருந்த சேறு உடைந்து விழுகிறது, பாருங்கள், தேங்காய்ச் சில்லு மாதிரி. சென்னி சுழலி என்று பேர் வைத்தேன்.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பேரு வெச்சதெல்லாம் சரிங்க. கொஞ்சம் தூரமா வெச்சுப் புடிங்க."

பொறாமை. விடுங்கள்.

இது நடந்தது ஆயுத பூஜைக்கு முன்னால். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எங்களுக்கு வருஷம் பூராவும் வருகிற வரும்படி ஒரு பங்கு, ஆயுத பூஜைக்கு முந்தின சில நாள் ஒரு பங்கு. ஓடுகிற வண்டி, ஓடாத வண்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைக்க வரும். ரோடு வரை வரிசை நிற்கும். அதை விட்டால் அந்த வருஷம் போச்சு. எனக்கு இருப்பது ஒரே ஒரு ராம்ப். அதோ, உங்கள் கார் ஏறி நிற்கிறதே, அந்த இரண்டு சிமெண்ட் மேடு. ஒரு வண்டி இறங்கினால்தான் அடுத்த வண்டி ஏறலாம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலை, அங்கமுத்து வந்தான். ராசிபுரம் பக்கம். சொந்த லாரி, அவனே டிரைவர். என்னை மாமா என்பான், அவளை அத்தை என்பான். நல்ல பையன்தான். பையன் என்றால் நாற்பது வயசு.

அவன் லாரிக்கு நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, முனியப்பன் படம். பெயிண்டர் மாதேசு வரைந்தது. முனியப்பன் என்றால் எங்கள் பக்கம் கண்தான். முட்டை அளவு கண், பிதுங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் நின்றாலும் உங்களையே பார்க்கும். அந்தக் கண்ணை மாதேசு சும்மா எழுதிவிட மாட்டான். படம் முழுக்க முடித்து, மஞ்சள் துணி போட்டு மூடி, விரதம் இருந்து, கடைசியாகத்தான் கண். கண் திறந்த பிறகுதான் வண்டி முதல் அடி நகரும். டிரைவர்களுக்கு அது இன்ஷூரன்சைவிடப் பெரிது. வளைவில் தூங்கினாலும் அந்தக் கண் தூங்காதாம்.

அங்கமுத்து வண்டியை ராம்ப் மேல் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். நான் கழுவ ஆரம்பித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. நெற்றிக்கு வந்தேன். ரோட்டில் பறந்து வந்து மோதின பூச்சி ஒன்று முனியப்பனின் கண் இமைமேல் ஒட்டிக் காய்ந்திருந்தது. விசிறி நாசிலில் போகவில்லை. சாமி இமையில் செத்த பூச்சி இருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள். பக்திதான் காரணம். சுழலியை மாட்டினேன். ஏணியில் ஏறினேன். கையைத் தூக்கினேன்.

பூச்சி போய்விட்டது.

கண்ணும் போய்விட்டது. அந்தக் கண் போனதை நான் பார்க்கும்போது கை இந்தக் கண்ணுக்கு வந்திருந்தது. சுழலியின் வேகம் அப்படி. அதை நீங்கள் பாராட்ட வேண்டும். வெள்ளை போனது, கருவிழி போனது, அடியில் இருந்த பழைய நீலம் தெரிந்தது. அடுத்து மீசை. மீசைக்கு வரும்போது மோட்டார் நின்றுவிட்டது. நான் கையை இறக்கவில்லை. கரண்ட் போய்விட்டது. நல்ல வேளை. டீக்கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நம் லைனில் மட்டும் போயிருக்கும்.

அங்கமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா, சாமிக்குக் கண்ணெங்க?"

"பெயிண்ட் மட்டம்" என்றேன்.

"மூணு மழைக்காலம் ஒரே வண்டியில நின்ன பெயிண்டுங்க அது."

"அதான், பழசாயிருச்சு."

"சரி மாமா. ஆனது ஆயிப்போச்சு. கை தவறிப்போச்சு அங்கமுத்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மாதேசண்ணன வரச் சொல்லி எழுதிக்கலாம். நானும் சாமிகிட்டச் சொல்லிக்கறேன்."

"தவறினாத்தானே சொல்றது? கை எங்க தவறுச்சு? பூச்சி மேல வெச்சேன், பூச்சி போச்சு."

அவன் வண்டியில் ஏறி, சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இறங்கி வந்து பின் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கண்ணு தெரியாத சாமிய முன்னால வெச்சுட்டு நான் வண்டி எடுக்க மாட்டேன் மாமா. கண்ணு வர்ற வரைக்கும் வண்டி இங்கதான்."

"எறக்குடா வண்டிய. பின்னாடி வண்டி நிக்குது பாரு."

"நிக்கட்டும்."

அப்புறம் அவன் போனை எடுத்தான். முனியப்பனை எடுத்தான், ராம்பை எடுத்தான், என்னை எடுத்தான். "என்ன மாமா ஆச்சு, சொல்லுங்க" என்றான். நான் போனைப் பார்த்து நேராகச் சொன்னேன்: "பெயிண்ட் மட்டம்." எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் நான். அதை அப்படியே ஏற்றிவிட்டான். 'சாமி கண்ணைப் பிடுங்கிய தாத்தா' என்று தலைப்பு. தாத்தாவாம்.

மாதேசுக்கு அவனே போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். மாதேசு சொன்னது எனக்கும் கேட்டது. "எம்பெயிண்டு மட்டம்னு சொன்ன வாயி, நல்லதுன்னு ஒருக்காச் சொல்லட்டும். அப்பறம் பிரஷ்ஷ எடுக்கறேன். அது வரைக்கும் முனியப்பன் கண்ண மூடிட்டே இருக்கட்டும்."

இதுதான் நிலைமை. மாதேசு வந்தால்தான் கண். கண் வந்தால்தான் வண்டி நகரும். வண்டி நகர்ந்தால்தான் எனக்குப் பிழைப்பு. மாதேசு வருவதற்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்ல என்ன இருக்கிறது? தப்பு செய்தவன் சொல்லலாம்.

பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பைபாஸ் பக்கம் போயின. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் அந்த வீடியோவைப் பார்த்தது கொஞ்சம் பேர். அங்கமுத்துவின் ஊர்க்காரர்கள், பங்காளிகள். அதோடு போயிருக்கும் என்று இப்போது டயர்க்கடை கவினேசன் சொல்கிறான். அவன் எதையாவது சொல்வான். நான் சும்மா இருக்க முடியுமா? மானப் பிரச்சினை.

போன் எனக்குப் புதுசு. பேசத்தான் வாங்கினேன். கடைக்காரன் என் பேரைப் போட்டுக் கொடுத்திருந்தான், சென்னியப்பன் வாட்டர் சர்வீஸ் என்று. வீடியோவுக்கு அடியில் எழுத இடம் இருந்தது. எழுதினேன். 'பெயிண்ட் மட்டம்.' அதற்கு ஒருத்தன், 'தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியல போல' என்று எழுதினான். 'எனக்கு நன்றாகத் தெரிகிறது, உனக்கு எப்படி' என்று கேட்டேன். இன்னொருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான். 'பல்லைக் காட்டாதே' என்றேன். ஒருத்தரையும் விடவில்லை. எல்லோருக்கும் பதில். மதியம் சோறு ஆறிப்போகும், நான் பதில் எழுதிக்கொண்டிருப்பேன்.

எதிரி என்ன சொல்லியிருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? அதனால் வீடியோவைத் தினமும் முழுசாகப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் பார்ப்பேன். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களை, "உங்க போன எடுங்க, இதப் பாருங்க, என்ன அநியாயம்னு பாருங்க" என்று பார்க்க வைத்தேன். எடைமேடைக்காரன், பஞ்சர்க்காரன், எவனையும் விடவில்லை. லாரி சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் அனுப்பினேன். 'இந்தப் பொய்யை யாரும் நம்ப வேண்டாம். கடைசி வரை பார்க்கவும். எல்லோருக்கும் அனுப்பவும்.'

அதற்கப்புறம்தான் அநியாயம் ஆரம்பித்தது. எவன் போனைத் திறந்தாலும் முதலில் நான். கேட்காமலே வருகிறேன். சமையல் பார்க்கிறவளுக்கு நான். கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு நான். ஓசூரில் ஒருத்தன், கோழிக்குத் தீவனம் கலக்குவது எப்படி என்று தேடியிருக்கிறான், அவனுக்கும் நான். "பெயிண்ட் மட்டம்" என்கிறேன்.

யாரோ பின்னால் இருந்து வேலை செய்கிறான் என்று புரிந்துபோனது. நேராகப் பைபாஸுக்குப் போனேன். அங்கே வாட்டர் சர்வீஸ்காரன் ரிக் வண்டிக்கடியில் படுத்திருந்தான்.

"எவ்வளவு குடுத்தே, என்ர வீடியோவ எல்லார்த்து போன்லயும் போடச் சொல்லி?"

"எனக்கெதுக்குங்கண்ணா அந்த வேலை? உங்ககிட்ட நிக்க வேண்டிய வண்டியெல்லாம் இங்க நிக்குது. சோறு திங்க நேரமில்ல. நகருங்க, தண்ணி தெறிக்கும்."

நடிக்கிறான். விசிறி நாசில்தான் வைத்திருந்தான், பார்த்தேன்.

கவினேசன் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டயர் ரீட்ரெட் கடை, படித்தவன் மாதிரி பேசுவான். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எந்த வீடியோகிட்டக் கூட்டம் நிக்குதோ அதத்தான் அது அடுத்தவனுக்குக் காட்டும். நீங்க திட்டி எழுதுனாலும் கூட்டம்தான், கும்புட்டு எழுதுனாலும் கூட்டம்தான். கணக்கு அதுக்கு ஒண்ணுதான். நீங்க பாக்கப் பாக்கத்தான் அது ஏறுது."

"அப்ப நான் பாக்காம உக்காந்துக்கறதா? எம்மேல என்ன சொல்றான்னு எனக்கே தெரியக்கூடாதா?"

"ரெண்டு நாளைக்குப் போனத் தொடாம இருங்கண்ணா."

அங்கமுத்து டயர் மாற்றுவதே அவன் கடையில்தான் என்பது எனக்குத் தெரியாதா?

இதில் ஒரு நல்லதும் நடந்தது. சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் போன், நான் தண்ணீர் அடிக்கிற வீடியோவையே பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டு, ஊர் உலகத்தில் தண்ணீர் அடிக்கிறவனையெல்லாம் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தது. படிக்கட்டு கழுவுகிறவன், படகு கழுவுகிறவன், ஆட்டுக்கு முதுகு கழுவுகிறவன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அவன் கையில் கன். கன் நுனியில் என்ன என்கிறீர்கள்? சுழலி! அதே கூடு, அதே சாய்ந்த குழாய், அதே சுற்று. மனுஷன் கூசாமல் என் சாமானைப் பிரித்துக் காட்டுகிறான்.

வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, திருட்டுப் பய."

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "அடியில என்னமோ வருசம் போட்டிருக்குதுங்களே. நம்ம பொண்ணு கண்ணாலத்துக்கும் முந்தின வருசமாட்ட இருக்குது."

தேதியெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அடியில் தமிழிலேயே எழுதினேன், 'இது என்னுடையது.' கொஞ்ச நேரத்தில் யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒத்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்?

ராம்ப் மேல் லாரி அப்படியே நின்றது. முனியப்பன் கண்ணில்லாமல், மீசையோடு, ரோட்டைப் பார்த்தபடி. பார்த்தபடி என்பது தப்பு. திரும்பியபடி.

அங்கமுத்துவுக்கு வீட்டுக்காரி சோறு போட்டாள். மூன்று வேளையும். எதிரிக்குச் சோறு. கேட்டேன்.

"பட்டினியா உக்காந்தான்னா அதையும் படம் புடிச்சுப் போடுவான்" என்றாள்.

அது சரி. அந்த அளவுக்கு அவளுக்கு மூளை உண்டு. ஆனால் சோறு போட்டுவிட்டு உடனே வர மாட்டாள். இரண்டு பேரும் டயர் நிழலில் உட்கார்ந்து அவன் போனைப் பார்த்துக் குசுகுசு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். "இத அமுக்கினா என்னாகும்? இத?" என்று அவள் கேட்பது காதில் விழும். அப்புறம் என்னிடம் வந்து, "உங்க போனக் குடுங்க, பூஜைக்குப் புதுசாக் கோலம் பாக்கோணும்" என்பாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். கொடுத்தேன். என் போனுக்குப் பூட்டெல்லாம் போடுவதில்லை. மறைக்க என்ன இருக்கிறது? கோலம்தானே, பார்க்கட்டும்.

பூஜை வந்தே விட்டது. மறுநாள் பூஜை என்றால் அன்றைக்குக் காலை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். காலி ரோட்டைப் பார்க்க முடியாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டிகூட இல்லை. ஈ இல்லை. ராம்ப் மேல் அந்தக் குருட்டு லாரி மட்டும். வருஷம் போச்சு. வருஷம் மட்டும் போனால் பரவாயில்லை. இங்கே வராமல் பழகிவிட்ட டிரைவர் மறுபடி வர மாட்டான்.

அப்போது கவினேசன் ஓடிவந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, பெரிய மனுசன்னு காட்டிட்டீங்க."

"என்னத்தடா காட்டினேன்?"

"படிச்சேன்ணா. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

ஒன்றும் விளங்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். அதே வீடியோ. அடியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எழுத்து. அங்கமுத்து அதை மேலேயே நிற்கிற மாதிரி குத்தி வைத்திருந்தான். அதற்கடியில் எத்தனையோ பேர் இருதயம் போட்டிருந்தார்கள். எழுதினவர் பேர், சென்னியப்பன் வாட்டர் சர்வீஸ்.

இப்படி இருந்தது. புள்ளி கிடையாது, கமா கிடையாது.

'மாதேசு தம்பி உங்க பெயிண்டு நல்ல பெயிண்டு மழையில நின்னாலும் போகாது நாந்தான் கன்ன ரொம்பக் கிட்டக் கொண்டு போயிட்டேன் அங்கமுத்து நீயும் மனசுல வெச்சுக்காத முனியப்பா பொறுத்துக்கோ சாமான் புதுசு கை பழசு'

கை பழசாம்! படித்ததும் கொதித்துப்போனது. நான் எழுதவில்லை இதை. ஆனால் என் பேர் இருக்கிறது. யோசித்தேன். அந்தப் போனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதி வார்த்தை அடித்தால் மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். பழகிப் பழகி இப்போது முழுசாகவே எழுத ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அழிக்கலாம் என்று விரலை வைத்தேன்.

வாசலில் மொபெட் சத்தம். மாதேசு. முன்னால் பெயிண்ட் பெட்டி, பின்னால் மடித்த மஞ்சள் துணி. குளித்து, ஈரத் தலையோடு, நெற்றி நிறையத் திருநீறு. இறங்கி நேராக என்னிடம் வந்தான்.

"ஐயா, இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க காத்துட்டு இருந்தேன். கடைப் பக்கம் வர்றவன் போறவனெல்லாம் 'மட்டம் மட்டம்'னு கூப்புட்டுட்டுப் போனாங்க. என்ர பையன்கூட நேத்துக் கேட்டான், நெசமாலுமே மட்டமாப்பான்னு. இன்னைக்குக் காலைல அவனுக்குப் படிச்சுக் காட்டினேன்."

நான் எழுதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அப்புறம் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டால்? வாயை மூடிக்கொண்டேன். நான்தான் சொன்னேனே, நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

ஏணி போட்டோம். மஞ்சள் துணியைக் கட்டி மூடினான். துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்தான். அங்கமுத்து கைகூப்பிக்கொண்டு நின்றான், அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் டம்ளரோடு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரி கற்பூரத் தட்டோடு நின்றாள். தட்டு எப்போது தயார் ஆனது என்று நான் கேட்கவில்லை.

துணியை எடுத்தான். முனியப்பன் என்னைப் பார்த்தார்.

சாமி பார்க்கிறதென்றால் எல்லோரையும்தான் பார்க்கும். ஆனால் அன்றைக்கு அது என்னையே பார்த்தது. நான் இரண்டடி நகர்ந்து நின்றேன். அங்கேயும் பார்த்தது.

அங்கமுத்து டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். பையிலிருந்து சாவியை எடுத்தான். ஏறும்போது, "போயிட்டு வர்றனுங்க மாமா" என்றான். "தூரமாப் பாத்துப் போ" என்றேன். வேறு என்ன சொல்வது? பழம் நசுங்கியது, வண்டி இறங்கியது. இறங்குவதை எடுத்து அவனே மறுபடியும் போட்டான். அந்த வீடியோவும் எழுத்தும் சேர்ந்து எப்படியோ ஊர் பூராவும் போய்விட்டது. மத்தியானத்துக்குள் ரோடு வரை வரிசை. பைபாஸில் நின்ற வண்டிகூட வரிசையை விட்டு இங்கே வந்தது. தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷனாம், நம்பி வண்டியைக் கொடுக்கலாமாம். ஒரு டிரைவர் என் காலைத் தொட வந்தான். பொழுதுக்கும் நின்ற இடத்தில் நின்று கழுவினேன். இடுப்பு போய்விட்டது.

இப்போது கன்னைப் பாருங்கள். கழுத்தில் ஒரு மூங்கில் குச்சி கட்டியிருக்கிறது, தெரிகிறதா? ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். குச்சி வண்டியில் முட்டினால் நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் கிட்டே போக முடியாது. வெள்ளைக்காரன் சுழலியில்கூட இது கிடையாது, நன்றாகப் பார்த்துவிட்டேன். பூஜை முடிந்த மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், கட்டியிருக்கிறது. துணி உலர்த்துகிற கயிற்றை வைத்து, முறுக்கி, அழகாக. சென்னி சுழலியில் அதுவும் ஒரு பாகம்தான். என் கண்டுபிடிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நுரை ஊறியிருக்கும். எழுந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லிவிடுகிறேன். 'ரொம்பக் கிட்டக் கொண்டு போயிட்டேன்' என்று எழுதியிருந்ததே. அது போனுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குப் போன் வீட்டுக்குள் இருந்தது. அங்கமுத்து டீக்கடையில் இருந்தான். மாதேசு அவன் கடையில். ஏணி மேல் நானும் முனியப்பனும் மட்டும்தான். முனியப்பன் பார்த்திருக்க முடியாது, கண் இல்லை.

அப்புறம் இன்னொன்று. போன வாரம் லைன்மேன் வண்டி கழுவ வந்தான். அன்றைக்கு எதற்குக் கரண்டை நிறுத்தினாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அன்னைக்கா? நாங்க நிறுத்தவே இல்லீங்களே. பூஜை சீசன்ல நிறுத்தினா எங்கள அடிக்க வந்துருவாங்க" என்றான்.

நான் கையை இறக்கவில்லை. கரண்டும் போகவில்லை. மோட்டார் நின்றது. மீசை தப்பித்தது.

நான் இதுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எழுதியிருந்தது நிஜம் என்று நான் சொல்லமாட்டேன். பொய் என்றும் சொல்லவில்லை. அழிக்கவில்லை, அவ்வளவுதான். கை பழசு என்றதை மட்டும் எடுத்திருக்கலாம்.

என்ன, போனை எடுக்கிறீர்கள்? அந்த வீடியோவுக்கு அடியில் எழுதப் போகிறீர்களா? பேர் வேண்டுமா? அவள் பேரா?

இத்தனை வருஷத்தில் அவள் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. கையைத் தூக்குவேன், மோட்டார் ஓடும். அதற்கு எதற்குப் பேர்? ரேஷன் கடையில் கேட்டபோதுகூட அவளைத்தான் முன்னால் தள்ளிவிட்டேன்.

இருங்கள், அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள். கையைத் தூக்கிவிடுகிறேன். மோட்டார் ஓடட்டும், சத்தத்தில் அவளுக்குக் கேட்காது.

ம். ஓடுகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். பாவாயி.